பிரேக்கு சொன்ன நாற்பது

என் கொழுந்தனுக்கு ஒரு கேள்வியைக் கண்டால் பயம். பாம்புக்கோ பல்லிக்கோ போலீசுக்கோ அவனுடைய அண்ணனுக்கோ பயப்படாதவன் அவன். ஆனால் பழுது பார்த்த வண்டியை வாங்கிக்கொண்டு கிளம்புகிறவர்கள் சாதாரணமாகக் கேட்பார்களே, "அண்ணே, இதுல எவ்வளவு வேகம் வரைக்கும் போகலாம்?" என்று, அதைக் கேட்டால் அவன் கையில் இருக்கும் ஸ்பேனர் அப்படியே நின்றுவிடும். கேட்டவரின் முகத்தைப் பார்க்க மாட்டான். அவருக்குப் பக்கத்தில் வேறு யாரோ நின்று அதே கேள்வியைக் கேட்டது போல அந்தப் பக்கம் பார்ப்பான். பிறகு, "மெதுவா போங்க" என்று முணுமுணுப்பான். "மெதுவான்னா எவ்வளவு?" என்று விடாமல் கேட்கிறவர்களுக்கு நான்தான் தையல் மெஷினை நிறுத்திவிட்டுப் பதில் சொல்வேன். "வீடு போய்ச் சேர்ற அளவுக்கு."

ஊரில் அவனுக்குப் பிரேக்கு என்று பெயர். நான் இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த அன்று அவன் அரைக்கால் சட்டையோடு, அண்ணனின் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துச் சக்கரத்தைச் சுற்றிவிட்டுக்கொண்டிருந்தான். வந்தவர்கள் எல்லாரும் புதுப்பெண்ணைப் பார்த்தார்கள், இவன் மட்டும் சக்கரத்தைப் பார்த்தான். அதையே தொழிலாகவும் ஆக்கிக்கொண்டான். பஞ்சர் என்று வந்தாலும் சரி, செயின் அறுந்தது என்று வந்தாலும் சரி, முதலில் பிரேக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் மறுவேலை. பெண் பார்க்கப் போன இடத்தில்கூட, வாசலில் நின்ற பெண்ணின் அப்பாவுடைய வண்டியைத் தள்ளிப் பார்த்துவிட்டு, "பின் பிரேக் தேஞ்சு போச்சுங்க" என்று குந்தி உட்கார்ந்துவிட்டான். சரி செய்து கொடுத்துவிட்டு வந்தான். பெண்ணைத்தான் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு நாங்களும் விட்டுவிட்டோம்.

எங்களுக்குக் கடை ஒன்று, ஷட்டர் ஒன்று, தொழில் இரண்டு. இடது பக்கம் என் மெஷின். சீட்டு உறை, வீடு வீடாகப் பொருள் கொண்டு போகிறவர்களின் பைகளுக்கு மழை உறை, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சட்டை, கவுன். வலது பக்கம் அவனுடைய ஸ்டூல், பம்பு, எண்ணெய் டப்பா. நடுவில் சுவர் கிடையாது. என் துணியில் அவன் எண்ணெய் படும், அவன் எண்ணெயில் என் நூல் விழும், அதற்குத் தினமும் ஒரு சண்டை. என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர். சண்டையை அவரிடம் கொண்டுபோனால், "இறங்குறவங்க இறங்குங்க, ஏறுறவங்க ஏறுங்க" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விடுவார்.

மின்சார வண்டிகள் தெருவில் பெருகியபோது எங்கள் இரண்டு தொழிலுமே தழைத்தன. ஆனால் அந்த வண்டிகளோடு ஒரு தொல்லையும் வந்தது. சட்டப்படி மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் அவற்றின் மோட்டார் இழுக்கக் கூடாது. கம்பெனியிலேயே பூட்டுப் போட்டு அனுப்புகிறார்கள். பார்சல் பையைச் சுமந்து நேரத்தோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு இருபத்தைந்து எந்த மூலைக்கு? "அண்ணே, லாக்கை எடுத்து விடுங்கண்ணே" என்று வரிசையில் வந்து நின்றார்கள்.

பிரேக்கு முடியாது என்றான். "இதோட பிரேக் இருபத்தஞ்சுக்குச் செஞ்சது. டயரு, ஃபோர்க்கு எல்லாமே இருபத்தஞ்சுக்குத்தான். மோட்டார் மட்டும்தான் அதுக்கு மேல ஓடும். மத்ததெல்லாம் அது கூட வராது." இப்படிப் பொறுமையாக ஒவ்வொருவருக்கும் சொன்னான். அவர்களும் பொறுமையாகக் கேட்டுவிட்டு எதிர்ச்சாரிக்குப் போனார்கள். எதிர்ச்சாரியில் ராக்கெட் என்று ஒருவன் கடை வைத்திருந்தான். ராக்கெட்டுக்குக் கொள்கை, கோட்பாடு ஒன்றும் கிடையாது. நீங்கள் டீ குடித்து முடிப்பதற்குள் லாக்கை எடுத்துக் கையில் கொடுத்துவிடுவான்.

அப்படிப் போனவர்களில் ஒருவன் சில வாரங்களில் எங்கள் கடைக்கே திரும்பி வந்தான். கையில் மாவுக்கட்டு. முன்பற்கள் இல்லை. வளைந்த சக்கரத்தை நிமிர்த்தித் தரச் சொன்னான். அவன் பேசப் பேச, காற்று ஓட்டை வழியாகப் போவது போல ஒரு சத்தம் வந்தது. பிரேக்கு அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. "நான் முடியாதுன்னு சொன்னதாலதானே அண்ணி அங்க போனான்?" என்றான். "நீ என்ன அவனுக்குக் காவலா? வந்து சாப்பிடு" என்றேன். வரவில்லை.

அதற்குப் பிறகு அவன் ஒரு காரியம் செய்தான். எனக்கே அது வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது, ஆனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வேகம் காட்டும் மீட்டர் இருக்கிறதே, அதற்குக் கண்ணில்லை. சக்கரம் எத்தனை முறை சுற்றுகிறது என்று மட்டும் எண்ணும். சக்கரம் எவ்வளவு பெரியது என்று நாம்தான் அதனிடம் சொல்ல வேண்டும். பெரிய சக்கரம் என்று பொய் சொன்னால், ஒவ்வொரு சுற்றுக்கும் அதிக தூரம் போனதாக அது நம்பிவிடும். வண்டி இருபத்தைந்தில் போகும், மீட்டர் நாற்பது என்று காட்டும். என் கொழுந்தன் லாக்கை எடுக்கிறேன் என்று சொல்லி, வண்டியை உள்ளே தள்ளிக்கொண்டு போய், அந்தப் பொய்யை மட்டும் அதன் காதில் ஓதி அனுப்பினான். சக்கரத்தில் காற்றை நன்றாக அடித்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, கிளம்பும்போது மட்டும் வண்டி ஒரு துள்ளு துள்ளும்படி வைத்துக் கொடுப்பான். போதாதா? மனுஷன் மீட்டரைப் பார்த்துத்தானே வேகத்தை நம்புகிறான்.

அவர்களுக்கு ஒரே சந்தோஷம். தெருக்கோடி வரைக்கும் ஓட்டிப் பார்த்துவிட்டு, "பறக்குதுண்ணே!" என்று வாயெல்லாம் பல்லாக வருவார்கள். பேட்டரி வேறு முன்னைவிட அதிக கிலோமீட்டர் கொடுக்கிறதாம். பின்னே, தூரத்தையும் அதே பொய்ச் சக்கரம்தானே அளக்கிறது. ஒருவன் மட்டும் போனைப் பார்த்துவிட்டு, "இது கம்மியா காட்டுதே அண்ணே" என்றான். "அது எங்கயோ வானத்துல இருந்து பாக்குது. அதுக்கு உன் வண்டி எறும்பு மாதிரி தெரியும்" என்று பிரேக்கு சிரிக்காமல் சொன்னான். அவனும் தலையாட்டிவிட்டுப் போனான். ராக்கெட் கடை காற்று வாங்கியது. எங்கள் கடை வழியாகப் போகிறவர்கள் நான்கு விரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். நாற்பதில் போகிறேன் அண்ணே என்று அர்த்தம். இவனும் ஸ்டூலில் உட்கார்ந்தபடி தலையசைப்பான். யாருக்கும் பல் போகவில்லை, கை முறியவில்லை. ஊரையே ஏமாற்றி ஊரைக் காப்பாற்றிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில்தான் அவன் வாழ்க்கையிலேயே சந்தோஷமாக இருந்தான் என்று நினைக்கிறேன். வேலை செய்யும்போது விசில்கூட அடித்தான், சகிக்காது.

அவர்களில் ஒருவர்தான் மருந்துக்காரர். இதே தெருவில் இருக்கும் மருந்துக் கடையிலிருந்து வயதானவர்கள், படுக்கையில் கிடப்பவர்கள் வீடுகளுக்கு மருந்து கொண்டுபோய்க் கொடுப்பவர். மற்றவர்களைப் போல நெளிந்து வளைந்து ஓட்டுகிற ஆள் இல்லை. அந்த வண்டிகளுக்குச் சத்தம் கிடையாது என்பதால், முன்னால் யாரும் இல்லாவிட்டாலும் திருப்பத்துக்கு முன்னால் மணியை இரண்டு தடவை அடிப்பார். லாக்கை எடுக்கச் சொல்லி அவர் கேட்டதே முதலாளியின் நச்சரிப்பு தாங்காமல்தான். வண்டியை வாங்கிக்கொண்டு, தலைக்கவசத்தின் வாரைக் கட்டிக்கொண்டே, மரியாதையாகக் கேட்டார். "அண்ணே, இதுல எவ்வளவு வரைக்கும் போகலாம்?"

"நாப்பது" என்றான் பிரேக்கு. "நாப்பதைத் தாண்டாதீங்க. நாப்பதுன்னா எங்க பிடிச்சாலும் நிக்கும். தண்ணித் தொட்டி இறக்கத்துல மட்டும், பள்ளிக்கூட மதில் முடியற இடத்துலயே பிரேக்கைப் பிடிச்சிடுங்க. திருப்பத்துக்கு முன்னாடி நின்னுடும்."

அந்த வண்டிக்கு அது சரியான பேச்சு. அந்த மீட்டரில் நாற்பது என்றால் நிஜத்தில் இருபத்தைந்து. மதில் முடியும் இடத்தில் பிடித்தால், திருப்பத்துக்கு முன்னால் வண்டி சமர்த்தாக நின்றுவிடும். மருந்துக்காரர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்.

அவர் மனைவிக்குத்தான் முதலில் பயம். நாற்பது என்றால் என்ன வேகமோ என்று. ஒரு நாள் அவளைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு, நடுவில் பெண் குழந்தையையும் வைத்து, எங்கள் தெருவிலேயே ஓட்டிக் காட்டினார். இறங்கியதும் என்னிடம் வந்து சொன்னாள், "நானும் என்னமோன்னு பயந்தேன் அக்கா. மீட்டர்ல நாப்பதுன்னு நானே பாத்தேன். பாப்பா தூங்கிட்டா." பிறகு புருஷனிடம் விரலை ஆட்டி, "நாப்பது. அதுக்கு மேல ஒரு புள்ளி போனீங்கன்னா பாத்துக்குங்க. சத்தியம் பண்ணுங்க" என்றாள். அவரும் சிரித்துக்கொண்டே குழந்தையின் தலையில் கையை வைத்தார்.

பிறகு மருந்துக் கடை முதலாளி புது வண்டி ஒன்று வாங்கினார். வாங்கிய கையோடு அதை ராக்கெட்டிடம் கொடுத்து நிஜமாகவே லாக்கை எடுக்கச் செய்தார். அதை வெளியே எடுத்த முதல் நாளே மருந்துக்காரர் எங்கள் கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். அவருக்கு அதைப் பிரேக்கிடம் காட்ட வேண்டும். அப்போது வாசல் நிறைய ஆள். பொய் மீட்டரோடு ஓடுகிற நாலைந்து பேர் டயர் மாற்ற வந்திருந்தார்கள். "அண்ணே, இதுலயும் அதே நாப்பதுதானே?" என்று கேட்டார் மருந்துக்காரர்.

என் கொழுந்தனின் இரண்டு கையும் சக்கரத்துக்குள் இருந்தன. நிமிர்ந்து வண்டியைப் பார்த்தான். சுற்றி நிற்பவர்களைப் பார்த்தான். அந்த நாற்பது வேறு, இந்த நாற்பது வேறு என்று அவர்கள் முன்னால் எப்படிச் சொல்வது? சொன்னால் அத்தனை பேரும் அந்த நிமிஷமே எதிர்ச்சாரிக்குப் போய்விடுவார்கள். தனியாகக் கூப்பிட்டு நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான். "ம்... அதேதான், பாத்துப் போங்க" என்றான். மருந்துக்காரர் நான்கு விரலைக் காட்டிவிட்டுப் போனார். தெரு முனையில் மணி இரண்டு தடவை கேட்டது.

மறுநாள் சொல்ல அவர் இல்லை. அன்று மத்தியானமே தண்ணீர்த் தொட்டி இறக்கத்தில், பள்ளிக்கூட மதிலைத் தாண்டி, திருப்பத்தையும் தாண்டி, எதிரே வந்துகொண்டிருந்த ஒரு வேனில் மோதினார். அங்கேயே முடிந்துவிட்டது. பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள். காற்று மாதிரி வந்தான், பிரேக் பிடித்தும் நிற்கவில்லை.

அவர் மனைவி அதைத்தான் பிடித்துக்கொண்டாள். நாற்பது என்றால் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். குழந்தை தூங்குகிற வேகம் அது. காற்று மாதிரி வந்தார் என்றால் அவர் நாற்பதைத் தாண்டியிருக்க வேண்டும். பெற்ற பிள்ளையின் தலையில் அடித்துச் செய்த சத்தியத்தை மீறியிருக்க வேண்டும். முதலாளி அவளையே கடையில் வேலைக்கு வைத்துக்கொண்டார். அதனால் போக வர எங்கள் கடையைத் தாண்டித்தான் போவாள். என் மெஷினுக்கு முன்னால் ஒரு நிமிஷம் நிற்பாள். ஆரம்பித்துவிடுவாள்.

"பொய் சொல்லிட்டுப் போயிட்டாரு அக்கா. எத்தனை நாளா இப்படி ஓட்டினாரோ? வீட்டுல வந்து நாப்பதுதான், நாப்பதுதான்னு என்கிட்ட கதை. நானும் மடச்சி மாதிரி நம்பினேன். செத்ததைக்கூட மன்னிச்சிடுவேன், இதை மன்னிக்க மாட்டேன்." அழ மாட்டாள். அழுதிருந்தால் தேவலை. பல்லைக் கடித்துக்கொண்டு திட்டுவாள். உயிரோடு இருக்கிறவரைத் திட்டுவது போல, பதிலுக்கு இடம் விட்டு விட்டுத் திட்டுவாள். நானும் ஊசியில் நூல் கோர்த்தபடி ம், ம் என்று கேட்டுக்கொண்டிருப்பேன். வலது பக்கத்தில் ஸ்டூலின் மேல் பிரேக்கு குனிந்து உட்கார்ந்திருப்பான். அவள் பேசும்போது அவன் கை ஓடாது.

அவனிடம் ஏதோ கெட்டுப்போனது எனக்கு அப்போதே தெரிந்தது. விசில் நின்றது. காலையில் மருந்துக்காரர் கடந்து போகிற நேரம் வந்தால் தலையைத் தூக்கித் தெரு முனையைப் பார்ப்பான். "மணி கேட்டுச்சா அண்ணி?" என்பான். "எந்த மணி?" என்றால் பம்பை எடுத்து அடிக்க ஆரம்பித்துவிடுவான். யாராவது நான்கு விரலைக் காட்டிக்கொண்டு போனால், முகத்தில் அறை வாங்கியது போலத் திரும்பிக்கொள்வான். பிறகு பகலிலேயே ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துக்கொண்டு வேலை பார்க்க ஆரம்பித்தான். இருட்டில் நான் எப்படித் தைப்பது என்று கத்தினேன். காதில் விழவே இல்லை. மருந்துக்காரரின் பழைய வண்டியை முதலாளி பாகம் பாகமாகக் கழற்றிக்கொள்ளச் சொல்லி எங்களிடம் தள்ளிவிட்டிருந்தார். இவன் ஒரு திருகைக்கூடக் கழற்றவில்லை. ஓரமாக நிறுத்தி, நான் தைத்த உறையைப் போட்டு மூடி, அதற்குத் தினமும் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தான்.

"ஓட்ட ஆளில்லாத வண்டிக்கு எதுக்குத் தம்பி சார்ஜ்?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"அவரு வந்து கேக்குறாரு அண்ணி" என்றான்.

மெஷினை நிறுத்தினேன். "யாரு?"

"பக்கத்துல வந்து நிக்கிறாரு. தலைக்கவசத்தோட வாரைக் கட்டிக்கிட்டே கேக்குறாரு. எவ்வளவு வரைக்கும் போகலாம் அண்ணேன்னு. கோபமா கேட்டாக்கூடப் பரவால்ல அண்ணி. அதே மரியாதையாக் கேக்குறாரு."

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னான். பொய்ச் சக்கரம், பொய் நாற்பது, மதில் முடியும் இடம், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தது, எல்லாம். எனக்கு வந்த கோபத்தில் கையில் இருந்த கத்தரிக்கோலை மேஜையில் அடித்தேன். "அட பாவி! அப்ப அந்த மனுஷன் பொய்யே சொல்லலையா? அவ தினமும் வந்து அவரைக் கிழிகிழின்னு கிழிக்கிறா, நீ வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தே?"

"சொல்லணும்னுதான் அண்ணி ஒவ்வொரு நாளும் நினைக்கிறேன். அவங்க முகத்தைப் பாத்தா நாக்கு எழும்ப மாட்டேங்குது."

"அப்ப நான் சொல்றேன்."

"வேணாம் அண்ணி. நான்தான் சொல்லணும். என்னைச் சும்மா விட்டுடாதீங்க, ஆனா நீங்க சொல்லிடாதீங்க."

இந்தக் குடும்பத்து ஆண்களுக்கு இதுதான் வழக்கம். எதையும் நாளைக்கு என்பார்கள். நான் அவனைத் தினமும் குத்திக்காட்டினேன். அவள் வந்து நிற்கும்போதெல்லாம் மெஷினுக்கு மேலாக அவனை முறைத்தேன். வாயைத் திறப்பான், மூடிக்கொள்வான். அவள் திட்டி முடித்துவிட்டுப் போய்விடுவாள். செத்தவர் மேல் இன்னொரு பிடி மண் விழும்.

அதை உடைத்தது குழந்தைதான். பள்ளிக்கூடம் திறக்கிற சமயம். அளவெடுக்க அவளை அம்மா கூட்டி வந்திருந்தாள். நான் தோளில் டேப்பை வைத்துக்கொண்டு, பேச்சுக்கொடுக்கத்தான் கேட்டேன், "பாப்பாவுக்குப் பாக்கெட் வைக்கட்டுமா? அப்பா உனக்குப் பாக்கெட் வச்ச கவுன்தானே நல்லா இருக்கும்னு சொல்வாரு?"

"அப்பா பொய்யி சொல்வாரு" என்றாள் குழந்தை. பால் வாங்கப் போனார், ஆபீஸ் போனார் என்று சொல்வது போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். அவள் அம்மா அதை மறுக்கவில்லை. தலையைத் திருப்பிக்கொண்டாள், அவ்வளவுதான்.

ஸ்டூல் கீழே விழுகிற சத்தம் கேட்டது. பிரேக்கு எழுந்து நின்றிருந்தான். போய்ச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினான், முழங்கை வரைக்கும். பழைய வண்டியின் மேலிருந்த உறையை எடுத்தான். "தங்கச்சி, ஒரு நிமிஷம் எங்கூட மைதானம் வரைக்கும் வர்றீங்களா? அண்ணியும் பாப்பாவும் கூட வரட்டும்" என்றான். அவள் என்னைப் பார்த்தாள். "போம்மா" என்றேன்.

மைதானம் பின்தெருவில்தான். அந்நேரத்துக்கு யாரும் இல்லை. தரையில் ஒரு பெரிய கல்லைத் தூக்கிப் போட்டான். அவளுக்குத் தலைக்கவசத்தை மாட்டிவிட்டுப் பழைய வண்டியில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டான். "மீட்டரைப் பாத்துக்கிட்டே வாங்க. கல்லுகிட்ட பிரேக் பிடிப்பேன்." நானும் குழந்தையும் ஓரமாக நின்றோம். வண்டி மெத்தென்று வந்தது. கல்லருகே பிடித்தான். நாலு எட்டு தள்ளி நின்றது.

"எவ்வளவு?" என்று கேட்டான்.

"நாப்பது" என்றாள். "இதுதான் எனக்குத் தெரியுமே. எதுக்கு இப்ப?"

இறங்கி, அவள் கண்ணெதிரிலேயே மீட்டரில் சக்கரத்தின் அளவைச் சரியாக மாற்றினான். மறுபடி அவளை ஏற்றிக்கொண்டு, அதே இடத்திலிருந்து, அதே வேகத்தில், அதே கல்லுக்கு வந்தான். அதே இடத்தில் நின்றது.

அவள் மீட்டரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "இருபத்தஞ்சுன்னு காட்டுது" என்றாள்.

"எப்பவுமே இருபத்தஞ்சுதாம்மா. நான்தான் மீட்டரைப் பொய் சொல்ல வச்சேன். யாரும் வேகமாப் போய்ச் சாகக் கூடாதுன்னு செஞ்சேன். அவருகிட்டயும் சொல்லல. நாப்பதுல போங்க, மதில் முடியற இடத்துல பிரேக் பிடிங்கன்னு சொன்னது இந்த நாப்பதுக்கு. புது வண்டியோட நாப்பது நிஜ நாப்பது. அவரு வந்து கேட்டாரு. அதேதான்னு சொல்லிட்டேன்."

அவள் கத்தவில்லை. வண்டியிலிருந்து இறங்கி நின்றாள். கல்லைப் பார்த்தாள். "அந்த நாப்பதைக் காட்டுங்க" என்றாள்.

"வேணாம்மா."

"காட்டுங்க அண்ணே."

ராக்கெட் லாக் எடுத்துவிட்ட வண்டி ஒன்று பிரேக் கட்டை மாற்ற எங்கள் கடையில் நின்றுகொண்டிருந்தது. அன்று காலைதான் புதுக் கட்டை போட்டு முடித்திருந்தான். போய் அதைத் தள்ளிக்கொண்டு வந்தான். குழந்தையை இன்னும் ஓரமாக இழுத்துக்கொண்டேன். தடுத்திருக்கலாம், தடுக்கவில்லை. மைதானத்தின் அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பினார்கள். அது வந்த வரத்தை நான் மறக்க மாட்டேன். சத்தமே இல்லை, டயர் மண்ணைத் தேய்க்கிற சீறல் மட்டும்தான். பெரிதாகிக்கொண்டே வந்தது. குழந்தை என் இடுப்பைக் கட்டிக்கொண்டது. கல்லருகே சரியாகப் பிடித்தான். பிடித்தது எனக்கே தெரிந்தது, பின் சக்கரம் இழுபட்டது. ஆனாலும் வண்டி போய்க்கொண்டிருந்தது. கல்லைத் தாண்டி, எங்களைத் தாண்டி, நிற்கும் நிற்கும் என்று நினைக்க நினைக்கப் போய், வேலிக்குக் கொஞ்சம் முன்னால் புழுதிக்குள் நின்றது.

அவள் நடந்தே திரும்பி வந்தாள். கல் கிடந்த இடத்துக்கு வந்ததும் திரும்பி நின்று, வண்டி நிற்கிற இடம் வரைக்கும் பார்த்தாள். அந்த நீளத்தைக் கண்ணால் அளந்தாள்.

"அப்ப அவரு நாப்பதுலதான் வந்திருக்காரு" என்றாள்.

பிரேக்கு தலையை அசைத்தான்.

"நீங்க சொன்ன இடத்துலதான் பிடிச்சிருக்காரு."

"ஆமாம்மா."

அவள் குழந்தையின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டாள். "பாப்பா, அப்பா பொய் சொல்லல. கேட்டியா? அம்மாதான் தப்பா சொல்லிட்டேன். அப்பா சொன்ன பேச்சைத்தான் கேட்டாரு." அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. இத்தனை மாதமும் உள்ளேயே கிடந்த அழுகை. குழந்தை ஒன்றும் புரியாமல் அம்மாவின் தலைமுடியிலிருந்த புழுதியைத் தட்டிவிட்டது.

எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவனைத் திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டட்டும், அடிக்கக்கூட அடிக்கட்டும் என்று ஒதுங்கி நின்றேன். அவனும் அதற்குத்தான் நின்றுகொண்டிருந்தான். அவள் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"நான் தினமும் அங்க வந்து நின்னு அவரைப் பொய்யன், பொய்யன்னு சொன்னேனே. அப்பெல்லாம் நீங்க பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

அவள் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு அவள் எதிர்ச்சாரியில் நடக்கிறாள். என்னைப் பார்த்தால் அங்கிருந்தே தலையசைப்பாள். வலது பக்கம் பார்ப்பதில்லை. கவுனை நானே வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். சுவரில் அவர் படம் மாட்டியிருந்தது. அதற்கு முன்னால் அது அங்கே இல்லை.

பிரேக்கு தான் கை வைத்த வண்டிகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து மீட்டரைச் சரி செய்தான். ஒவ்வொருவரிடமும் உண்மையைச் சொன்னான். சிலர் சிரித்தார்கள். சிலர் சட்டையைப் பிடித்தார்கள். பாதிப் பேர் நேராக ராக்கெட்டிடம் போனார்கள், அதுவும் தெரிந்துதான் சொன்னான். ஆனால் எல்லாரும் அகப்படவில்லை. வண்டியை விற்றவர்கள், வேலையை விட்டுப் போனவர்கள், பெயரே தெரியாதவர்கள். அவர்களில் யாரோ ஒருவர் எங்கேயோ ஒரு புது வண்டியில் ஏறி, பிரேக்கு அண்ணன் சொன்னதுதான் என்று நாற்பதில் போய்க்கொண்டிருக்கலாம். அதனால் எங்காவது வண்டி மோதியது என்று காதில் விழுந்தால் போதும், போட்டது போட்டபடி ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறான். படுத்திருப்பவரின் முகத்தைப் பார்க்கிறான். தெரிந்த முகம் இல்லையென்றால் திரும்பி வந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடிக்கிறான்.

இன்றைக்கும் பாலத்துப் பக்கம் ஏதோ விபத்து என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சாப்பாட்டில் கை வைத்தவன் அப்படியே எழுந்து போய்விட்டான். வெகு நேரமாகிறது, இன்னும் வரவில்லை. தட்டை மூடி வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.